சார்ஜ் ஏறும் பேட்டரியும் அதன் மாடலும்: சிஸ்டம் சேஃப்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு எம்பிஎஸ்இ வழிகாட்டி

போயிங் 737 மேக்ஸில் எம்காஸ் என்றொரு மென்பொருள் இருந்தது. விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால், வாலிலுள்ள கிடைமட்டச் சிறகைத் தானே திருப்பி மூக்கைக் கீழே இறக்குவது அதன் வேலை. முதல் வடிவமைப்பில் ஒரு தடவைக்கு 0.6 டிகிரி வரைதான் திருப்பலாம். சோதனைப் பறப்புகளுக்குப் பிறகு, வேகம் குறைந்த நிலையிலும் அது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானித்து அந்த எல்லையை 2.5 டிகிரி ஆக்கினார்கள். எண் மாறியது. அந்த எண்ணை நம்பி எழுதியிருந்த பாதுகாப்பு ஆவணங்கள் எல்லாம் அதோடு சேர்ந்து மாறவில்லை. சிறகைத் திருப்பும் முடிவோ ஒரே ஒரு சென்சாரின் அளவை நம்பியிருந்தது. 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் என இரண்டு விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள்.

பல நாட்டு விமானப் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்த கூட்டு ஆய்வுக்குழு 2019 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. சென்சார், மென்பொருள், விமானியின் பயிற்சி எல்லாவற்றையும் பேசிய அந்த அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. எம்காஸை முழுமையான ஒரே செயல்பாடாக எடுத்து யாரும் மதிப்பிடவில்லை. அதைப் பற்றிய தகவல்கள் பல ஆவணங்களில் துண்டு துண்டாகக் கிடந்தன. சேஃப்டி வேலைக்கு மாடல் (சிஸ்டத்தின் பாகங்களையும் செயல்களையும் ஒரே இடத்தில் பதிந்துவைக்கும் கணினிப் பதிவு) எதற்கு என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த இடத்தைத்தான். மாடல் இருந்திருந்தால் அந்த விபத்துகளே நடந்திருக்காது என்று சொல்வது மிகை. ஆனால் 0.6 என்பது 2.5 ஆகும்போது, அதை நம்பியிருக்கும் ஒவ்வொரு பகுப்பாய்வும் "நான் பழையதாகிவிட்டேன்" என்று சொல்லும்படி செய்ய முடியும். இந்தக் கட்டுரை அதைச் செய்யும் வழியைப் பற்றியது.

எம்பிஎஸ்இ என்பது மாடலை அடிப்படையாகக் கொண்ட சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். வீடு மாறியவர் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், பேங்க் பாஸ்புக் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியே முகவரி மாற்ற அலைவாரே, டிசைன் தகவலும் வழக்கமாக அப்படித்தான் வேர்டு, எக்செல், விசியோ என்று சிதறிக் கிடக்கிறது. எம்பிஎஸ்இயில் ஒவ்வொரு பாகமும் செயலும் இணைப்பும் ஒரே ஒரு தடவை பதிவாகும். படங்களும் அட்டவணைகளும் அந்தப் பதிவிலிருந்து எடுக்கும் பார்வைகள் மட்டுமே. பவர்பாயின்ட்டில் ஒரு பெட்டியை அழித்தால் பெட்டி போகும், அவ்வளவுதான். மாடலில் ஒரு பிளாக்கை, அதாவது ஒரு பாகத்தின் பதிவை, அழிக்கப் போனால், அதைப் பிடித்துத் தொங்கும் ரிக்வயர்மென்ட்டும் (சிஸ்டம் இதைச் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை) டெஸ்ட்டும் அபாயநிலையும் முன்னால் வந்து நிற்கும்.

இதற்கான மொழிகளில் பரவலாகப் புழங்குவது சிஸ்எம்எல். அதன் முதல் பதிப்பு 2007இல் வந்தது. மொழியை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும் என்பதில்லை.

உதாரணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்: மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி, இரவில் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. 2022இல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகளுக்குப் பிறகு ஏஐஎஸ்-156 என்ற இந்தியத் தரநிலை திருத்தப்பட்டு, முதல் கட்டம் 2022 டிசம்பர் 1 முதலும் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதலும் நடைமுறைக்கு வந்தது. ஓசூரிலும் சென்னையைச் சுற்றியும் இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது அன்றாட விஷயம். விமானம் செய்பவருக்கும் மருத்துவக் கருவி செய்பவருக்கும் இதே படிகள் பொருந்தும். தரநிலைகளின் பெயர்தான் மாறும்.

முதல் படி: மென்பொருளைத் திறக்காதீர்கள்

வெள்ளைத் தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். முதல் பட்டியல் இழப்புகள்: உயிர்ச்சேதம் அல்லது காயம், வீடு எரிவது, வண்டி போவது. மூன்று நான்கு வரிக்கு மேல் வராது. இரண்டாவது அபாயநிலைகள்: எந்த நிலைக்கு நம் சிஸ்டம் போனால், சூழலும் சாதகமில்லாதபோது, அந்த இழப்பில் முடியும்?

புதியவர்கள் இடறுவது இங்கேதான். "வெப்பநிலை சென்சார் பழுது" என்று அபாயநிலைப் பட்டியலில் எழுதுவார்கள். அது காரணம். "செல்லின் வெப்பநிலை பாதுகாப்பு எல்லையைத் தாண்டிய பிறகும் சார்ஜ் கரண்ட் ஓடுகிறது" என்பதுதான் அபாயநிலை. இரண்டையும் கலந்துவிட்டால் அபாயநிலைப் பட்டியல் உதிரிபாகப் பட்டியலாகி நூற்றுக்கணக்கில் வளரும், பிறகு யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். சார்ஜ் ஏற்றும் பேட்டரிக்கு என் கணக்கில் முதல் சுற்றுக்கு இவை போதும்:

அ1: செல் வோல்டேஜ் எல்லையைத் தாண்டியும் சார்ஜ் ஏறுகிறது.
அ2: செல் வெப்பநிலை எல்லைக்கு வெளியே இருக்கும்போது சார்ஜ் ஏறுகிறது. மிகையான சூடு மட்டுமல்ல, உறைநிலைக்குக் கீழான குளிரும் இதில் சேரும். குளிரில் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக வழிவகுக்கும்.
அ3: சேதமான செல் இருக்கும் பேக் (செல்கள் சேர்ந்த முழு பேட்டரி) தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கிறது.
அ4: ஓடும் வண்டியில் மோட்டாருக்கான மின்சாரம் திடீரென்று அறுகிறது.

ஒவ்வொன்றுக்கும் தீவிரம் குறியுங்கள். அமெரிக்க ராணுவத் தரநிலையான மில்-ஸ்டாண்டர்ட் 882ஈ, தீவிரத்தை 1 முதல் 4 வரை பிரிக்கிறது. 1 என்றால் பேரழிவு. வாகனத் துறையின் ஐஎஸ்ஓ 26262, தீவிரத்தோடு அந்தச் சூழ்நிலை எவ்வளவு அடிக்கடி வாய்க்கும், ஓட்டுநரால் சமாளிக்க முடியுமா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். அதன் 2018 பதிப்பில் மோட்டார் சைக்கிளுக்கென்றே 12ஆம் பகுதி சேர்ந்தது. மொபெட் வகை வண்டிகள் அந்தத் தரநிலையின் வரம்புக்கு வெளியே. உங்கள் வண்டி எதில் சேரும் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மாடலின் எல்லையை வரையுங்கள்

"எவ்வளவு விவரமாக மாடல் செய்ய வேண்டும்?" என்ற கேள்விக்கு என் பதில்: அ1 முதல் அ4 வரை எப்படி நேரும் என்று விளக்கத் தேவையான அளவு. ஸ்க்ரூவும் வாஷரும் வேண்டாம். சுவர் பிளக், சார்ஜர், பேட்டரி மேலாண்மை சர்க்யூட்டான பிஎம்எஸ், செல்கள், சார்ஜ் பாதையை இணைத்துத் துண்டிக்கும் மின் சுவிட்சான மாஸ்ஃபெட், மோட்டார் கன்ட்ரோலர் ஆகியவை வேண்டும். வண்டிக்காரரும் மெக்கானிக்கும் கட்டாயம் வேண்டும். மனிதர்களை மாடலுக்கு வெளியே வைத்துவிட்டு "பயனர் கையேட்டைப் பின்பற்றுவார்" என்று எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைத்த வேறு சார்ஜரைச் செருகுபவரும் ஒரு பயனர்தான்.

சிஸ்எம்எல்லின் முதல் தலைமுறைப் பதிப்புகளில் ஒன்பது வகைப் படங்கள் உண்டு. சேஃப்டி வேலையைத் தொடங்க நான்கு போதும். என்னென்ன பாகம் என்று சொல்லும் பிளாக் படம். பாகங்களுக்கு நடுவே என்ன ஓடுகிறது என்று சொல்லும் உள்ளிணைப்புப் படம். நிலைமாற்றப் படம். ரிக்வயர்மென்ட் படம். இவற்றில் புதியவர்கள் அலட்சியம் செய்வது நிலைமாற்றப் படத்தை, சேஃப்டிக்கு அதிகம் கொடுப்பதும் அதுவே.

ஏன் என்று பாருங்கள். நிறுத்தி வைத்த வண்டி, சார்ஜ் ஏறுகிறது, ஓடுகிறது, நீண்ட நாள் சும்மா கிடக்கிறது, சர்வீஸில் மென்பொருள் மாற்றுகிறார்கள் என்று நிலைகளை எழுதுங்கள். பிஎம்எஸ்ஸுக்குச் சந்தேகம் வந்தால் இணைப்பைத் துண்டிக்கும். சார்ஜ் நிலையில் அது பாதுகாப்பான செயல். அதே துண்டிப்பு, லாரிக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும் வண்டியில் நடந்தால் அது அ4. பாதுகாப்புச் செயலே ஒரு நிலையில் காப்பாகவும் இன்னொரு நிலையில் அபாயமாகவும் இருப்பதை வேர்டு ஆவணத்தின் 40ஆம் பக்கத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். நிலைமாற்றப் படத்தில், "ஓடுகிறது" என்ற பெட்டியிலிருந்து "துண்டிப்பு" என்ற பெட்டிக்கு நேராக ஓர் அம்புக்குறி இருந்தால் கண்ணில் குத்தும். அங்கே முதலில் எச்சரித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும் இடைநிலை ஒன்று வேண்டும் என்று அந்தப் படமே கேட்கும்.

இன்னொரு கேள்வியையும் அந்தப் படத்திடம் கேளுங்கள்: சார்ஜ் ஏறும்போது பிஎம்எஸ்ஸின் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆனால் எந்த நிலைக்குத் திரும்புகிறது? "செல் 7 கெட்டுவிட்டது" என்ற குறிப்பு, ரீசெட்டில் அழிந்துபோகும் ரேம் நினைவகத்தில் மட்டும் இருந்திருந்தால், ரீசெட்டுக்குப் பிறகு பேக் ஆரோக்கியமாக இருப்பதாக நினைத்து மறுபடி சார்ஜை அனுமதிக்கும். அதுதான் அ3.

மூன்றாம் படி: அபாயநிலையையும் மாடல் உறுப்பாக்குங்கள்

இது சின்ன வேலை, ஆனால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. அ1 என்பது மாடலுக்குள் தனி அடையாள எண்ணோடு ஓர் உறுப்பாக இருக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் ஒட்டிய குறிப்பாக இருந்தால் போதாது. அதிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து பாகம் அல்லது செயலுக்கும், அபாயநிலையிலிருந்து அதைக் கட்டுப்படுத்தும் ரிக்வயர்மென்ட்டுக்கும், ரிக்வயர்மென்ட்டிலிருந்து டெஸ்ட்டுக்கும் தொடர்பு போக வேண்டும். இந்த உறவுகளுக்குப் பெயர் வைக்க நீங்களே புது முறை கண்டுபிடிக்க வேண்டாம். சிஸ்எம்எல்லைப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்பே, இடர்ப் பகுப்பாய்வுக்கென ராம்எல் என்ற துணைமொழியை வெளியிட்டிருக்கிறது. பழுதுமரம், பழுதுவிளைவு அட்டவணை, எஸ்டிபிஏ என்ற மூன்று பகுப்பாய்வு முறைகளுக்கும் (இவற்றை அடுத்த படியில் பார்ப்போம்) அதில் ஏற்கெனவே உறுப்புகள் உண்டு. உங்கள் மென்பொருளில் அது இல்லையென்றால், நான்கைந்து உறவுப் பெயர்களைக் குழுவில் பேசி முடிவுசெய்து எழுதிவைத்துக்கொண்டாலே தொடங்கிவிடலாம்.

நான்காம் படி: மாடலின் மேல் பகுப்பாய்வு

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறைகளைச் சொல்கிறேன். மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

எஸ்டிபிஏயிலிருந்து தொடங்குவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதற்குப் பாகங்கள் முடிவாகியிருக்க வேண்டிய அவசியமில்லை. எம்ஐடியின் நான்சி லெவ்சன் உருவாக்கிய முறை இது. யார் யாருக்குக் கட்டளை கொடுக்கிறார்கள், பதிலுக்கு எந்தத் தகவல் திரும்பி வருகிறது என்ற கட்டுப்பாட்டு வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு கட்டளையையும் நான்கு கேள்விகளால் துளைக்க வேண்டும். நம் பிஎம்எஸ் கொடுக்கும் "சார்ஜை நிறுத்து", "சார்ஜை அனுமதி" என்ற இரண்டு கட்டளைகளை எடுத்துக்கொள்வோம்.

கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்காவிட்டால்? ஒரு செல் எல்லையைத் தாண்டியும் "நிறுத்து" வரவில்லை: அ1.
கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுத்தால்? கீழே விழுந்து நசுங்கிய பேக்குக்கு "அனுமதி": அ3.
தாமதமாகவோ முன்பின்னாகவோ வந்தால்? சூடு அடுத்த செல்லுக்குப் பரவத் தொடங்கிய பிறகு "நிறுத்து" வந்து பயனில்லை: அ2.
சீக்கிரமே விலக்கிக்கொண்டால், அல்லது விடாமல் பிடித்துக்கொண்டால்? சூடு கண்டு நிறுத்திய பிஎம்எஸ், செல் ஆறியதும் தானே மறுபடி அனுமதிக்கிறது. சூடாகிறது, நிறுத்துகிறது, ஆறுகிறது, அனுமதிக்கிறது. விடியும்வரை இதே சுற்று.

கடைசி வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் நடக்கிறது. எந்தப் பாகமும் பழுதாகவில்லை. எம்காஸும் விமானி சரிசெய்த பிறகு திரும்பத் திரும்ப இயங்கியது. ஒரு தடவை இயங்கினால் என்ன ஆகும் என்ற கணக்கு அதற்குப் போதவில்லை. பாகம் பழுதானால் மட்டுமே விபத்து என்று நினைக்கும் பகுப்பாய்வுக்கு இது அகப்படாது. எத்தனை தடவை தானாக அனுமதிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும் என்ற ரிக்வயர்மென்ட் இங்கிருந்து பிறக்கிறது.

அடுத்தது பழுதுவிளைவு அட்டவணை, அலுவலக வழக்கில் எஃப்எம்இஏ. பல மென்பொருள்கள் மாடலிலிருந்து இதன் வரிசைகளைத் தாமே எடுத்துக் கொடுக்கும்: ஒவ்வொரு இணைப்புக்கும் "தகவல் வரவில்லை, தவறாக வருகிறது, தாமதமாக வருகிறது, ஒரே அளவில் நின்றுவிட்டது" என்று. நேரம் மிச்சம்தான். ஆனால் வரிசைகள் வந்துவிட்டதால் யோசித்தாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். வெப்பநிலை அளக்கும் தெர்மிஸ்டரைப் பாருங்கள். பேட்டரிகளில் வழக்கமாக இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. வயர் அறுந்தால் தடை எல்லையற்றதாகி, கடுங்குளிர் என்று காட்டும். ஷார்ட் ஆனால் கடுஞ்சூடு என்று காட்டும். இரண்டும் நம்ப முடியாத எண்கள் என்பதால் மென்பொருள் எளிதில் பிடித்துவிடும். மூன்றாவது ஒன்று உண்டு: பசை விட்டு, சென்சார் செல்லிலிருந்து கழன்று பக்கத்தில் தொங்குகிறது. அது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலையை, 34 டிகிரி என்று, அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். எண்ணில் எந்தக் குறையும் இல்லை, செல் மட்டும் வெந்துகொண்டிருக்கிறது. மின்னிணைப்பை மட்டும் மாடல் செய்திருந்தால் இந்த வரிசை தானாக வரவே வராது. செல்லுக்கும் சென்சாருக்கும் இடையே வெப்பம் கடத்தும் இணைப்பு ஒன்று இருக்கிறது என்று மாடலில் வரைந்தவருக்குத்தான் அது அறுபடலாம் என்ற கேள்வியும் வரும். தெர்மிஸ்டரில் கற்ற இந்தப் பாடம் பிரஷர் சென்சார், வேக சென்சார் எதற்கும் பொருந்தும்.

மூன்றாவது பழுதுமரம். 1962இல் மினிட்மேன் ஏவுகணைத் திட்டத்துக்காக பெல் ஆய்வகத்தில் பிறந்தது. உச்சியில் அ1ஐ வைத்து, "இது நடக்க என்னென்ன சேர வேண்டும்" என்று கீழே இறங்குவீர்கள். நீங்கள் தேடுவது, தனியாகவே உச்சியைத் தொட்டுவிடும் ஒற்றைப் பழுதுகளை. சார்ஜ் மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் பழுதாகும். அதாவது கரண்ட் ஓடும் நிலையிலேயே நின்றுவிடும். பிஎம்எஸ் "நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

"சார்ஜர்தான் மொத்த வோல்டேஜைப் பார்த்து நிறுத்திவிடுமே" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். தொடரில் 14 செல், ஒவ்வொன்றின் எல்லை 4.2 வோல்ட், மொத்தம் 58.8 வோல்ட். 13 செல்கள் 4.15இல் இருந்தால் அவற்றின் கூட்டு 53.95. சார்ஜர் 58.8 வரை தள்ளும்போது மிச்சமிருக்கும் பலவீனமான ஒரு செல்லின் தலையில் 4.85 வோல்ட் விழும். சார்ஜரைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு.

ஐந்தாம் படி: இரண்டு காப்புகளா, ஒன்றேதானா?

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் யுனைடெட் 232 விமானத்தின் வால் இன்ஜினில் விசிறித்தட்டு உடைந்து சிதறியது. ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்று இருந்தன, ஒன்றை ஒன்று சாராதவை. காகிதத்தில் அது உண்மை. வாலில் மூன்றின் குழாய்களும் அருகருகே ஓடின; சிதறிய துண்டுகள் மூன்றையும் காலியாக்கின. 1996 ஜூன் 4 அன்று அரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே வெடித்தது. மாற்றுக் கணினி இருந்தது. அதிலும் அதே மென்பொருள், ஆகவே அதே எண்மாற்றப் பிழையில் அதுவும் விழுந்தது.

செயல்பாட்டு மாடல் ஒன்று, அந்தச் செயல்பாடுகள் எந்தப் பாகத்தில், பெட்டிக்குள் எந்த இடத்தில் அமர்கின்றன என்ற மாடல் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே ஒதுக்கீட்டு உறவு. இந்த மூன்றும் இருந்தால்தான் "தனித்தனி" என்ற சொல்லைச் சோதிக்க முடியும். நம் பேக்கில் அ1க்கு இரண்டு காப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பிஎம்எஸ் மாஸ்ஃபெட்டால் பாதையைத் துண்டிக்கிறது, சார்ஜரும் செல் வோல்டேஜைப் பார்த்துத் தன் பக்கம் நிறுத்துகிறது. மாடலில் இரண்டு காப்புகளிலிருந்தும் பின்னோக்கித் தகவல் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். சார்ஜருக்குச் செல் வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது? கேன் பஸ் என்ற தகவல் இணைப்பு வழியாக, பிஎம்எஸ்ஸிடமிருந்து. பிஎம்எஸ்ஸுக்கு? அதே அளவீட்டுச் சிப்பிலிருந்து. சிப் தவறாக அளந்தால் இரண்டு காப்பும் ஒன்றாகத் தூங்கும். தனியாக அளந்து ஃபியூஸை எரித்துத் துண்டிக்கும் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு ஐசி ஒன்றை இதனால்தான் சேர்க்கிறார்கள். அந்த ஐசியின் அளவீட்டு வயரும் அதே கனெக்டர் வழியாகத்தான் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: ரிக்வயர்மென்ட்

கண்டுபிடித்ததையெல்லாம் "எச்சரிக்கை விளக்கு வைக்கவும்" என்று முடிப்பது சுலபம். 882ஈ வரிசை வேறு: முடிந்தால் அபாயத்தையே டிசைனிலிருந்து நீக்கு, முடியாவிட்டால் டிசைனை மாற்றி இடரைக் குறை, பிறகு பாதுகாப்புச் சாதனம், பிறகு எச்சரிக்கை, கடைசியில்தான் கையேடும் பயிற்சியும். மாடலில் ஒவ்வொரு காப்புக்கும் இது எந்தப் படியைச் சேர்ந்தது என்று ஒரு குறி போட்டுவையுங்கள். தீவிரம் 1 உள்ள அபாயநிலைக்கு எச்சரிக்கையும் கையேடும் மட்டுமே காப்பாக இருந்தால், அதை வடிகட்டி எடுக்க ஒரு நிமிடம் ஆகாது.

"பிஎம்எஸ் பாதுகாப்பாகச் செயல்பட வேண்டும்" என்று எழுதாதீர்கள். எந்த நிலையில், எந்த எல்லை தாண்டினால், எத்தனை மில்லிசெகண்டுக்குள், எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள். நேர எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற தொடர்பும் கூடவே இருக்க வேண்டும்.

ஏழாம் படி: மாற்றம் வரும் நாள்

இதுவரை செய்ததெல்லாம் இந்த நாளுக்காகத்தான். மார்க்கெட்டிங் குழு வேகமான சார்ஜர் கேட்கிறது. 10 ஆம்பியர் 20 ஆகப் போகிறது. சார்ஜர் குழுவுக்கு அது ஓர் எண். செல்லுக்குள் மின்தடையால் எழும் வெப்பமோ கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். இரு மடங்கு கரண்ட்டுக்கு நான்கு மடங்கு. அப்படியானால் "நிறுத்து" கட்டளைக்கு முன்பு கணக்கிட்ட நேரம் போதாது. வெப்பநிலையை எத்தனை செகண்டுக்கு ஒருமுறை அளக்கிறோம் என்பதும் போதாமல் போகலாம்.

மாடலில் சார்ஜ் கரண்ட் என்ற மதிப்பு ஒரே இடத்தில் இருந்து, நேர எல்லைக் கணக்கு அதைச் சுட்டி, ரிக்வயர்மென்ட் அந்தக் கணக்கைச் சுட்டி, டெஸ்ட் ரிக்வயர்மென்ட்டைச் சுட்டினால், 20 என்று மாற்றிய மறுகணம் இந்தச் சங்கிலி முழுவதையும் "சந்தேகத்துக்குரியது" என்று குறிக்க முடியும். சில மென்பொருள்கள் தாமே குறிக்கும். சிலவற்றில் முந்தைய பதிப்போடு ஒப்பிட்டு நீங்கள் வினவல், அதாவது மாடலில் தேடும் கட்டளை, எழுத வேண்டும். எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு பகுப்பாய்வும் மாடலின் எந்தப் பதிப்பின் மேல் செய்யப்பட்டது என்று அதிலேயே பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது.

இதில் மென்பொருளால் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. குறி விழுந்த 15 உறுப்புகளையும் யாரோ ஒருவர் "பார்த்தேன், பாதிப்பில்லை" என்று ஒரே கிளிக்கில் மூடிவிடலாம். வேலை அழுத்தத்தில் இது நடக்கும். ஆகவே மூடும்போது காரணம் ஒரு வரி எழுதாமல் மூட முடியாதபடி அமைத்துவிடுங்கள். மாற்றங்களை ஏற்கும் கூட்டத்தில் சேஃப்டி ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டக் குறிப்பு பிறகு மெயிலில் வந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

மாடலுக்குள் இல்லாதவை

அழகான மாடல் ஒன்று கையில் இருந்தால், அதில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்ற எண்ணம் மெல்ல வந்துவிடும். செல் தயாரிப்பில் உள்ளே சிக்கிய உலோகத் துகள், மழையில் கனெக்டருக்குள் இறங்கிய நீர், அதிர்வில் உரசித் தோல் கிழிந்த வயர் எதுவும் உங்கள் பிளாக் படத்தில் இருக்காது. இதற்கு மருந்து மாடலை இன்னும் பெரிதாக்குவதல்ல. சர்வீஸ் சென்டரில் திரும்பி வந்த பேக்குகளைத் திறந்து பாருங்கள், பேட்டரி கோக்கும் லைனில் நின்று பாருங்கள், டெஸ்ட் லேபில் செல்லை ஆணியால் குத்தும்போது கூட இருங்கள். கண்டதைக் காரணமாக மாடலில் சேருங்கள். மாடலை மட்டும் பார்த்து வேலை செய்யும் சேஃப்டி இன்ஜினியரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

தணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதிப்பிட வருபவர் உங்கள் மென்பொருளைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். குறிப்பிட்ட பதிப்பிலிருந்து எடுத்த, தேதியும் எண்ணும் போட்ட ஆவணம்தான் பெரும்பாலும் கேட்பார். அதை மாடலிலிருந்தே எடுங்கள். எடுத்த பிறகு வேர்டில் கை வைத்துத் திருத்தினால் பழைய கதைக்கே திரும்பிவிடுவீர்கள். அட்டவணையை மென்பொருளே உருவாக்குகிறது என்றால், அதை எந்த அளவு நம்பலாம் என்ற கேள்வியும் வரும். ஐஎஸ்ஓ 26262இன் 8ஆம் பகுதி இதற்கென்றே பேசுகிறது. சில வரிசைகளைக் கையால் போட்டுப் பார்த்து ஒப்பிட்ட பதிவு இருந்தால் உதவும்.

எதில் தொடங்குவது?

காசில்லாமல் பழக கேப்பெல்லா இருக்கிறது. தேலஸ் நிறுவனத்தில் பிறந்து பொதுவில் திறந்துவிடப்பட்ட கருவி. அதன் மொழி சிஸ்எம்எல் அல்ல, ஆர்கேடியா என்ற தன் முறையைக் கொண்டது. முதல் மாடலுக்கு அது ஒரு குறையே இல்லை, படிப்படியாகக் கைபிடித்து அழைத்துப் போகும். சிஸ்எம்எல்லே வேண்டும் என்றால் பேப்பிரஸ் இலவசம். பழுது எப்படிப் பாகத்திலிருந்து பாகத்துக்குப் பரவுகிறது என்று எழுதி அதிலிருந்து பழுதுமரத்தைத் தானாக எடுக்க விரும்பினால் ஏஏடிஎல் மொழியும் ஒசாட்டே கருவியும் பாருங்கள். கற்க நேரம் பிடிக்கும். நிறுவனங்களில் கேமியோ, என்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட், சேஃப்டிக்கென்றே மெடினி போன்றவை இருக்கும். சிஸ்எம்எல்லின் இரண்டாம் தலைமுறைக்கு 2025இல் முறையான ஒப்புதல் கிடைத்தது. அதில் மாடலைப் படமாக மட்டுமல்ல, நிரல்போல எழுத்திலும் எழுதலாம், நிரல் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் (Git) கருவியில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடலாம். மென்பொருள் பின்னணியிலிருந்து வருபவர்களுக்கு அது இதமாக இருக்கும். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

முதல் மாடலை ஒரே ஒரு அபாயநிலையோடு முடியுங்கள். அ1ஐ மட்டும் எடுத்து, காரணம், காப்பு, ரிக்வயர்மென்ட், டெஸ்ட் வரை ஒரு நூலாகக் கோத்துவிட்டு அ2க்குப் போங்கள். எல்லாப் பாகங்களையும் முதலில் வரைந்து முடிப்போம் என்று இறங்குபவர்கள் பகுப்பாய்வுக்கு வந்து சேர்வதற்குள், டிசைன் இனி மாற்ற முடியாதபடி உறைந்துவிடுகிறது. மூன்று வினவல்களை எழுதி வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை ஓட்டுங்கள்: காப்பு இல்லாத அபாயநிலை எது, டெஸ்ட் இல்லாத சேஃப்டி ரிக்வயர்மென்ட் எது, கடைசிப் பகுப்பாய்வுக்குப் பிறகு மாறிய பாகம் எது. முதல் தடவை பட்டியல் பக்கம் பக்கமாக வரும். தீவிரம் 1 என்று குறித்தவற்றை மேலே வரிசைப்படுத்தி அங்கிருந்து தொடங்குங்கள்.